பழைய கிடார் பெயிண்டை உரிக்கப் போறீங்களா?



சென்ற வாரம் நம் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். மகனின் எலெக்ட்ரிக் கிடாரில் பெயிண்ட் கொப்பளித்துக் கொப்பளித்து உரிகிறதாம். கடையில் பெயிண்ட் ரிமூவர் வாங்கி வீட்டிலேயே வழித்துவிடலாமா, மரத்துக்கு ஏதும் ஆகுமா என்று எழுதியிருந்தார். மரத்துக்கு என்ன ஆகும் என்பது இருக்கட்டும், முதலில் உங்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் சகோதரி. போன தை மாசம் எங்கள் வீட்டிலும் இந்த வேலை நடந்தது. அதனால்தான் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கிடார் என் அண்ணனுடையது. 1980களிலும் 90களிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தார். சுற்று வட்டாரத்தில் எந்த ஊர்த் திருவிழா என்றாலும் மேடையில் இந்தச் சிவப்புக் கிடார் இருக்கும். கொல்கத்தாவில் செய்தது. அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. அண்ணி அதைப் பரணிலிருந்து இறக்கி, "நீ வாசிக்கறேன்னா எடுத்துக்கோ கண்ணு" என்று என் மகளிடம் கொடுத்தார். உறையைக் கழற்றினால் கிடாரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது! முதுகுப் பக்கம் முழுக்க ரெக்சினின் சொரசொரப்பு அப்படியே அச்சு விழுந்திருந்தது. தொட்டால் வெல்லப் பாகு போலப் பிசுபிசுப்பு. சில இடத்தில் பெயிண்ட் பாளம் பாளமாக உறையோடு போய்விட்டது.

இது ஏன் ஆகிறது தெரியுமா? ரெக்சின் என்பது துணி மேல் பி.வி.சி. பூசியது. அந்தப் பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைக் கலந்திருப்பார்கள். வருஷக் கணக்கில் சூட்டில் கிடந்தால் அது மெல்ல வெளியே கசிந்து பக்கத்தில் இருக்கும் லாக்கரில் இறங்கி அதை இளக்கிவிடும். கிடார் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயும் இதே வேலையைச் செய்யும். இன்னொன்று, சாயங்காலம் கையில் கொசு விரட்டி கிரீமைத் தடவிக்கொண்டு வாசிக்க உட்காரும் பிள்ளைகளைக் கவனியுங்கள். அதில் 'டீட்' என்கிற மருந்து இருந்தால் லாக்கரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். பெயிண்ட் கெட்டுப் போனதற்குக் காரணம் தெரியாமல் உரித்துப் புதுசு பூசினால், அடுத்த வருஷம் அதுவும் இதே கதிதான்.

சரி, ரிமூவர் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் டப்பாவை வாங்கும்போது பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெத்திலீன் குளோரைடு என்றோ டைகுளோரோமீத்தேன் என்றோ போட்டிருந்தால், அந்த டப்பாவைத் திருப்பிக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெயர்தான் இரண்டு, சரக்கு ஒன்றுதான். பெயிண்டை அது நிமிஷத்தில் சுருட்டி எடுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் உடம்புக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பை மூட்டிவிட்டுப் படுத்தவர்களைக் கொல்லும் அதே வாயு. அமெரிக்காவில் குளியல் தொட்டியின் பழைய பூச்சை இதை வைத்து உரித்த தொழிலாளர்கள் பத்துப் பேருக்கு மேல் குளியலறைக்குள்ளேயே மயங்கி இறந்திருக்கிறார்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கும். குனிந்து வேலை செய்கிறவர் மூக்கு அந்த மட்டத்தில்தானே இருக்கிறது? பெயிண்ட் உரிக்க என்று இதைப் பொதுமக்களுக்குச் சில்லறையில் விற்கவே கூடாது என்று அந்த நாட்டில் 2019ல் தடை போட்டார்கள்.

'மாஸ்க் போட்டுக்கறேனே' என்று சிலர் சொல்வீர்கள். கொரோனா காலத்தில் வாங்கிய முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த தனி முகமூடி இருக்கிறது. அதுவும் இல்லை, காற்றோட்டமும் இல்லை என்றால் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொரு யோசனையும் வரும். பழைய கதவு, ஜன்னல் பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றித் தேய்ப்பது நம் பக்கத்தில் பழக்கம். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னார். கதவு கெட்டியான தேக்கு, தாங்கும். கிடார் உடம்பு பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டு மரத்தை ஒட்டியது. அந்தக் கரைசல் பசையைப் பிரித்துவிடும், மரத்தையும் கறுக்க வைக்கும். தவிர, பட்டு நெய்கிற வீட்டில் காஸ்டிக் சோடாவை உள்ளே விடலாமா? பட்டை அது கரைத்தே விடும். எங்கள் வீட்டுத் தறியில் அப்போது முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏறியிருந்தது. சிவப்புப் பெயிண்ட் தூசி ஒரு துளி அதில் விழுந்தாலும் போச்சு. அதனால் என் வீட்டுக்காரர் முதல் நாளே, "தறிக் கூடத்துப் பக்கம் அதைக் கொண்டு வந்தீங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார். எல்லாம் கொல்லையில், வேப்பமரத்தடியில்தான் நடந்தது. யோசித்துப் பார்த்தால் பட்டுக்குப் பயந்து செய்தது எங்கள் நுரையீரலுக்கும் நல்லதாகப் போயிற்று!

எதையும் ஊற்றுவதற்கு முன்னால் மேலே இருப்பது எந்தப் பூச்சு என்று கண்டுபிடியுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கிடாரின் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். திருகைக் கழற்றி அதைத் தூக்கினால் அடியில் வெளியே தெரியாத இடம் கிடைக்கும். பஞ்சில் பாலிஷ்காரர்கள் வாங்கும் ஸ்பிரிட்டைத் தொட்டு அங்கே இரண்டு நிமிஷம் வையுங்கள். பூச்சு இளகினால் அது அரக்குப் பாலிஷ், அதாவது நம் வீட்டு நாற்காலி, பீரோவுக்கு அடிக்கிற பிரெஞ்சு பாலிஷ் வகை. வீணைகளிலும் இதைப் பார்க்கலாம். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் தின்னரோ, அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரோ வைத்துப் பாருங்கள். இப்போது அசிட்டோன் இல்லாத ரிமூவரும் நிறைய வருகிறது, அதை வைத்துப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். தின்னருக்குப் பிசுபிசுத்தால் அது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். பாலிஷ்காரர்கள் என்.சி. என்பார்கள். இரண்டுக்குமே கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் அது பாலியூரித்தேனோ பாலியெஸ்டரோ. இப்போது விற்கிற கிடார்களில் அநேகமாக இதுதான்.

இந்தக் கடைசி ரகத்தை வீட்டில் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கண்ணாடி மாதிரிக் கெட்டியாக இருக்கும், கரையவே கரையாது. ஹீட் கன் என்று சூட்டுக் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. அதைக் காட்டி, இளகும்போது தகட்டால் நெம்பி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் மரம் கருகும், ஒட்டுப் பசை விடும், புகையும் விஷம். நல்ல பாலிஷ்காரரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் கொப்பளித்த இடத்தை மட்டும் சுரண்டிச் சமப்படுத்தி, மேலே பூசி விட்டுவிடுங்கள்.

எங்களுடையது ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, தின்னருக்கு இளகியது. சரி, உரித்துவிடலாம் என்று என் மகள் குதித்தாள். யூடியூபில் பார்த்திருக்கிறாளாம், பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1968ல் தங்கள் எபிஃபோன் கசீனோ கிடார்களின் பாலிஷை மொத்தமாக எடுத்து வெறும் மரமாக்கிவிட்டார்கள் என்று. உண்மைதான். அந்த வருஷ ஆரம்பத்தில் அவர்கள் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகி ஆசிரமத்தில் வந்து தங்கியிருந்தார்கள். கூட இருந்த டோனோவன் என்ற பாடகர்தான், பாலிஷை எடுத்தால் கிடார் மூச்சுவிடும், நாதம் கூடும் என்று யோசனை சொன்னதாகச் சொல்வார்கள். 1969 ஜனவரி 30ல் லண்டனில் மொட்டை மாடியில் அவர்கள் வாசித்த கடைசிக் கச்சேரியில் லெனன் கையில் இருந்தது அந்த உரித்த கிடார்தான்.

நாதம் கூடும் என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கசீனோ உள்ளே கூடாக இருக்கிற கிடார். மெல்லிய பலகை அதிர்கிறது, அதன் மேல் பூச்சு கனமாக இருந்தால் வித்தியாசம் வரலாம். மேடைக் கிடார்களில் அநேகம் கட்டையாகத் திடமானவை. இரும்புத் தந்தி அதிர்வதைக் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த பிக்கப் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சின்ன வயசிலேயே சபாக்களில் வாசித்த மின்சார மாண்டலினும் இதே தத்துவம்தான். இதில் மேல்பூச்சால் நாதம் பெரிசாக மாறிவிடாது. கை ஒட்டாமல் இருக்க, மரம் கெடாமல் இருக்க என்றால் உரியுங்கள். சத்தத்துக்காக என்றால் அந்தக் காசுக்குப் புதுத் தந்தி வாங்கிப் போடலாம்.

பிரித்து வைத்திருந்த அன்றைக்கு அண்ணி வந்தார். கிடாரின் முன்பக்கம், வலது முழங்கை படுகிற மேல் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புத் தேய்ந்து மரம் தெரியும். அது ரெக்சின் தின்றதல்ல, அண்ணனின் கை தேய்த்தது. இருபது வருஷத்துக் கச்சேரி. அண்ணி அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதையும் எடுத்துடுவீங்களா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. என் மகள், "அத்தை, எடுத்தாத்தான் ஒரே மாதிரி இருக்கும்" என்றாள். "அதான் கேக்கறேன்" என்றார் அண்ணி.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டோம். ராத்திரி என் மகளே தேடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அயர்லாந்தில் ரோரி கல்லகர் என்று ஒரு கிடார் மேதை. 1961ல் செய்த ஃபெண்டர் கிடாரை 1963ல் வாங்கி, 1995ல் இறக்கும்வரை வாசித்தார். அவருக்கு வியர்வை அதிகம். அதிலேயே கிடாரின் பெயிண்ட் அநேகமாக எல்லாம் போய் மரம் தெரிந்தது. புதுப் பூச்சு அடித்து அதை மறைக்காமல் அப்படியே வைத்திருந்தார். 2024ல் லண்டனில் அது 8 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போய், அயர்லாந்து நாட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டது. பெரிய கம்பெனிகளின் 1950, 60களின் கிடார் உங்கள் வீட்டில் இருந்தால் இதை யோசியுங்கள். பழைய பூச்சை எடுத்தால் வாங்குகிறவர்கள் விலையைப் பாதியாகக் கேட்பார்கள். எங்கள் கிடாருக்கு விலை என்று ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு விலையைப் பற்றியதாக இல்லையே!

முடிவு என்னவென்றால், ரெக்சின் ஒட்டிக் கெட்டுப்போன முதுகையும் பக்கவாட்டையும் மட்டும் உரிப்பது, முன்பக்கம் அப்படியே இருக்கட்டும். இப்படிப் பாதி எடுத்துப் பாதி விடலாமா என்று கேட்காதீர்கள், தாராளமாக விடலாம். விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கோடு பிசகாது.

முதலில் தந்திகளைத் தளர்த்திக் கழற்றினோம். ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஒயர்கள் எங்கே எந்த நிறம் போகிறது என்று பிறகு ஞாபகம் இருக்காது. பிக்கப்பில் சுற்றியிருக்கும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, நகம் பட்டால் அறுந்துவிடும். அதைத் துணியில் சுற்றித் தனியாக வைத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை இந்த வேலையில் கிட்டவே கொண்டு வராதீர்கள். அதன் துகளைக் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எடுக்கவே முடியாது. கழுத்து வந்து உட்காருகிற பள்ளத்துக்குள்ளும் தேய்க்காதீர்கள். அங்கே ஒரு நூல் அளவு குறைந்தாலும் கழுத்து ஆடும், சுருதி நிற்காது.

பழைய பருத்தித் துணியைத் தின்னரில் நனைத்து ஒரு முழம் இடத்தில் போர்த்தி, ஆவி போகாமல் அலுமினியத் தாளால் மூடிப் பத்து நிமிஷம் விட்டோம். இளகியதை மூங்கில் பட்டையால், மரத்தின் ரேகை ஓடும் பக்கமே வழித்தோம். தகரம், கத்தி வேண்டாம், கோடு விழும். மெல்லிய கையுறை தின்னரில் ஊறிப் பிய்ந்துவிடும், தடித்த ரப்பர் உறை போடுங்கள். பிளாஸ்டிக் பாகத்தில் தின்னர் பட்டால் அது உருகும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. தின்னர் ஆவியும் தரையோடு ஊர்ந்து போய் நெருப்பைப் பிடித்துவரும். முதுகு முழுக்க எடுக்க இரண்டு நாள் காலை வேளை ஆயிற்று.

அடியில் என்ன இருந்தது என்கிறீர்கள்? அழகான ஒற்றை மரம் என்றெல்லாம் கனவு காணாதீர்கள். மூன்று துண்டு ஒட்டிய வெளிர் மரம், ஒரு மூலையில் சாம்பல் நிறப் பட்டி. பளிச்சென்று கலர் அடித்த கிடார்களில் இதெல்லாம் சகஜம். பிளைவுட்டாகக்கூட இருக்கலாம், அப்போது அதிகம் தேய்த்தால் மேல் தாள் போய்விடும்.

பிறகு உப்புத்தாள். 120, 180, 220, கடைசியில் 320 நம்பர். பழைய பெயிண்ட் மிச்சம் இருக்கிற இடத்தை உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர்த் தாளால் ஈரமாகத் தேய்த்துத் துடைத்தெடுங்கள். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய சிவப்பிலும் மஞ்சளிலும் ஈயம் இருந்தால் ஆச்சரியமில்லை. கைக்குழந்தை தவழும் வீட்டில் அந்தத் தூசி வேண்டவே வேண்டாம்.

மேல்பூச்சுக்கு அரக்கையே வைத்துக்கொண்டோம். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்லிசாக எட்டுக் கை. கீறல் விழுந்தால் அதே இடத்தில் இன்னொரு கை பூசிக்கொள்ளலாம், மறுபடி உரிக்க வேண்டியதில்லை. தை, மாசி, பங்குனியில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் அரக்கும் லாக்கரும் வெண்மை படர்ந்து மங்கிப்போகும். எங்கள் ஊரில் ஏரிக் காற்று எழும்பினால் தூசியும் வந்து ஒட்டும், அதனால் விடியற்காலையில் பூசி வெயில் ஏறுவதற்குள் மூடி வைத்தோம். ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள்.

உப்புத்தாள், தின்னர், ஸ்பிரிட், அரக்கு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 900 ரூபாய் ஆனது. தந்தி தனி. பிக்கப் ஒயர் ஒன்று விட்டிருந்ததை ரேடியோ ரிப்பேர் செய்யும் தம்பி பற்றவைத்துக் கொடுத்தார்.

மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வீட்டில்தான் வாசித்துப் பழகுகிறாள். அவளுடைய முழங்கை அண்ணனுடையதைவிட இரண்டு விரற்கடை கீழே படுகிறது. ரெக்சின் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணியின் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை இரட்டையாக மடித்து நான் உறை தைத்திருக்கிறேன். கழுத்துப் பக்கம் மட்டும் நாடா வைத்துக் கட்டிக்கொள்கிற மாதிரி. தைக்க மூன்று மணி நேரம், ஒன்றே முக்கால் மீட்டர் துணி போதும்.

— ஒரு வாசகி,
தாமல், காஞ்சிபுரம் மாவட்டம்.